தைலமரம் வைக்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. மேட்டு நிலத்தில் தைலமரம் வைத்துவிடலாமா, அதற்கு ஆள் பார்க்கவே வேண்டாமாமே என்று ஒரு வரி அனுப்பினாய். அதோடு சரி. வேலை இருக்கும். கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

ஆள் வேண்டாம் என்று சொன்னவர்கள் மூன்றாம் வருஷத் தோப்பைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பார்கள். ஆடு மாடு இலையைச் சீண்டாது, நிழல் கூடினால் களையும் அடங்கும். முதல் வருஷம் அப்படி இல்லை. கோரையும் அருகும் நெருங்கினால் கன்று முழங்கால் உயரத்திலேயே நின்றுவிடும். தூரைச் சுற்றி அரை மீட்டருக்கு மூன்று நாலு தடவையாவது கொத்திவிட வேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை கரையான். நேற்று வரை பச்சையாக இருந்த கன்று திடீரென்று வாடி நிற்கும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். மண்ணுக்குக் கீழே பட்டையைச் சுற்றிலும் தின்று தீர்த்திருக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. செத்த இடத்தில் அதே மழையிலேயே வேறு கன்று வைக்க வேண்டும், பிந்தினால் பக்கத்து மரத்தின் நிழலில் அது எழும்பாது. இதையெல்லாம் பார்க்க நிலத்தில் ஒருத்தர் நடமாட வேண்டுமே, பாப்பா.

தைலமரத்தில் சமவெளிக்கு டெரிடிகார்னிஸ் என்ற வகைதான் ஒத்துவரும். மைசூர் கம் என்பார்கள். மொட்டின் மூடி கொம்பு போல நீண்டிருக்கும். நீலகிரியில் தைலம் காய்ச்சுகிற குளோபுலஸ் என்ற வகை குளிர்ந்த மலைக்கு உரியது. டெரிடிகார்னிஸ் இலையில் எண்ணெய் குறைவு, தைல வருமானத்தை எண்ணி இறங்காதே. காகிதக் கூழ், சாரக் கம்பு, விறகு, கரி, இவற்றுக்குத்தான் இது. இளமரத்தைப் பலகைக்கு அறுத்தால் உள்ளே இருக்கிற இறுக்கத்தில் வெடிக்கும், வளையும்.

குளோன் கன்றே வாங்கு, அதாவது விதையிலிருந்து இல்லாமல் நல்ல தாய்மரத்தின் துளிர்த்துண்டை வேர்விடவைத்து வளர்த்த கன்று. ஒரே சீராக வளரும். ஆனால் முழுக்க ஒரே குளோனாக வேண்டாம். இலை நரம்பிலும் காம்பிலும் முடிச்சு முடிச்சாக வீங்கினால் அது முடிச்சுக் குளவி. புழு உள்ளே இருப்பதால் மேலே மருந்தடித்துப் பயனில்லை. சில குளோன் தாங்கும், சில தாங்காது. அதனால் மூன்று நாலு வகையைப் பகுதி பகுதியாக நடு. குளோன் மரத்தின் விதையை எடுத்து நாற்றுவிட்டால் தாயின் குணம் அப்படியே வராது. மரத்தைத்தான் சொல்கிறேன்.

கன்று 3, 4 மாதமானதாக, ஓரடிக்கு மிகாமல் இருக்கட்டும். ஒன்றிரண்டை அது வளர்ந்த நாற்றுக் குழலிலிருந்து உருவிப் பார். நாள்பட்டுக் கிடந்த கன்றின் வேர் அடியில் சுருண்டிருக்கும். அதை நட்டால் பிறகு காற்றுக்குச் சாயும். 30 சென்டிமீட்டர் குழி போதும். வரிசைக்கு வரிசை 3 மீட்டர், கன்றுக்குக் கன்று 2 மீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 675 பிடிக்கும். கணக்கில் நீதான் கெட்டி, நீயே போட்டுக்கொள். கோடையில் நுனிக்குருத்து கருகி வந்தால் மண்ணில் போரான் என்ற சத்து குறைவாக இருக்கலாம், அடுத்த மழைக்கு அந்தச் சத்துள்ள போராக்ஸ் உப்பை வைக்க வேண்டும்.

நிலத்தையே பாலைவனமாக்கும் என்பது மிகை, ஒன்றும் செய்யாது என்பதும் பொய். கோடையிலும் இலை நிற்கிற மரம், வேரும் ஆழம், வருஷம் முழுக்கத் தண்ணீர் எடுக்கும். பெரியப்பா கிணறு எந்தப் பக்கம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரப்பிலிருந்து 10 மீட்டராவது விடு. ஓரத்தில் மூன்றடிப் பள்ளம் எடுத்தால் பக்கவேர் கொஞ்சம் தடைபடும், ஆனால் பள்ளம் தூர்ந்தால் வேர் மறுபடி தாண்டும். ஆழத்தில் போகிற வேரை எந்தப் பள்ளமும் நிறுத்தாது. அதனால்தான் இடைவெளி விடு என்கிறேன்.

எனக்கு இடிக்கிறது வருஷக் கணக்குதான். குளோன் 4, 5 வருஷத்தில் வெட்டுக்கு வரும். தரையிலிருந்து அரையடி விட்டு, பட்டை கிழியாமல் ரம்பத்தால் சாய்வாக வெட்டினால் தூர் துளிர்க்கும். ஆறு மாதம் கழித்து நல்லதாக ஒன்றோ இரண்டோ விட்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். வெட்டிய மரத்தில் பட்டையை அன்றைக்கே உரித்துவிட வேண்டும், காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். இப்படி மூன்று வெட்டு என்றால் 15 வருஷம் அந்த மண்ணில் வேறு எதுவும் வராது. தூரைத் தோண்டி எடுக்க இயந்திரமே வேண்டியிருக்கும். 15 வருஷத்துக்கு அந்த நிலத்தில் உனக்கு வேறு யோசனையே இல்லையா? இல்லை என்றால் வை, நான் குறுக்கே நிற்கவில்லை.

வைப்பதானால் மழைக்கு மூன்று மாதம் முன்பே கன்றுக்குச் சொல்லிவைக்க வேண்டும். அதற்கும் முன்னால் வரப்பை அளந்து பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவர் கேட்பாரா, உனக்குத் தெரியாததா. நீதான் பேச வேண்டும், அதுவும் போனில் அல்ல. எந்த வாரம் வருகிறாய் என்று மட்டும் எழுது.

அம்மா