எரெக்தியோன் திருப்பணி நிறைவு அறிக்கை

(எரெக்தியோன், ஏதென்சின் அக்ரோபோலிஸ் குன்றின் மேலுள்ள கோயில். கி.மு. 409 முதல் அங்கே கல்லில் வெட்டிவைக்கப்பட்ட கோயில் கணக்குகளைக் கொண்டு, மேற்பார்வைக் குழுவின் குரலில் எழுதியது.)

மக்கள் பேரவையின் உறுப்பினர்களுக்கு,

டியோகிளெஸ் ஆட்சித்தலைவராக இருந்த ஆண்டில், எபிகெனெஸ் முன்மொழிந்த தீர்மானப்படி, பாதியில் கிடந்த கோயிலைக் கல் கல்லாக அளந்து பட்டியலிட்டுக் கையேற்றோம். மண்டபக் கூரையைத் தூண்களாகத் தாங்கும் கன்னியர் சிலைகள் ஆறும் அப்போதே நின்றன. அவற்றின் மேலுள்ள கூரைக்கற்களின் மேற்புறம்தான் சீவப்படாமல் இருந்தது. சுவரோடு ஒட்டியவை தவிர மற்றத் தூண்களில் மேலிருந்து கீழாக ஓடும் வரிப்பள்ளம் வெட்டவில்லை. செதுக்கி முடித்த கற்களும் முடிக்காத கற்களும் தரையில் கிடந்தன. அந்தப் பணி இன்று நிறைவுற்றது.

கோயில் கோணலாக இருக்கிறது, பக்கத்திலுள்ள பார்த்தெனோன் கோயிலைப் போல் நாலு பக்கமும் ஒத்து வரவில்லை என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். உண்மைதான். மேற்கிலும் வடக்கிலும் தரை ஓர் ஆள் உயரத்துக்கும் மேலாகத் தாழ்ந்து கிடக்கிறது. தென்மேற்கு மூலையில் கெக்ரோப்ஸ் மன்னரின் சமாதி. அதன்மேல் பாரம் இறங்காதபடி பெருங்கல் போட்டுத் தாண்டினோம். மேற்கே நம் நகரின் அம்மன் அதீனா தந்த ஒலிவ மரம். வடக்கு மண்டபத் தரையில் கடல் தெய்வம் பொசைடனின் சூலம் பட்ட தடம். அது வானத்தைப் பார்த்தே இருக்க வேண்டும் என்பதால் நேர் மேலே கூரையில் திறப்பு விட்டிருக்கிறது. இவற்றில் எதை நகர்த்தச் சொல்கிறார்கள்? தெய்வங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, சுவர்கள்தாம் வளைந்துகொடுத்தன.

இனிச் செலவு. பணம் அம்மனின் பொருளாளர்களிடமிருந்து வந்தது. கூலி நாளுக்கு ஒரு திராக்மா வெள்ளிக்காசு. குடிமகன், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர், அடிமை என்று இதில் வேறுபாடு பார்க்கவில்லை. கொத்தர் சிமியாஸ் தம் அடிமைகளுடன் ஒரே தூணில் வரிப்பள்ளம் வெட்டினார். கட்டடக் கலைஞர் ஆர்கிலோகோசுக்கும் அதே ஒரு திராக்மாதான்: 37 நாள் தவணைக்கு 37 திராக்மா. ஆறு ஓபல் ஒரு திராக்மா; துணை எழுத்தருக்கு நாளுக்கு 5 ஓபல், அதாவது ஒரு ஓபல் குறைவு.

சுவரின் மேற்பகுதியில் ஓடும் சிற்ப வரிசைக்கு எலூசிஸ் ஊரின் கருநிறச் சுண்ணாம்புக்கல் பின்னணி. வெள்ளைப் பளிங்கு உருவங்களைத் தனித்தனியே செதுக்கி அதில் பொருத்தினோம். ஓர் உருவத்துக்கு 60 திராக்மா. மார்புக்கவசத்தின் பக்கத்தில் நிற்கும் இளைஞனைச் செதுக்கிய பிரோமாகோஸ் பெற்றது இதுவே. குதிரையும் அதை அடிக்கும் ஆளும் இரண்டு உருவங்களாதலால் 120. மின்னியோன் அதே வகைச் சிற்பம் செய்து, பிறகு ஒரு தூணையும் சேர்த்தார், அவருக்கு 127. கூடுதல் ஏழு திராக்மா எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுவே விடை.

கூரையின் பூ அலங்காரத்துக்குத் தங்கத் தகடு 166, தகடு ஒரு திராக்மா வீதம். மெழுகு வண்ணம் தீட்ட அடிக்கு 5 ஓபல். கணக்கைப் படியெடுக்கப் பாபிரஸ் நாணல் தாள் இரண்டு, 2 திராக்மா 4 ஓபல். ஒரு தாளின் விலை கொத்தரின் ஒருநாள் கூலியைவிட அதிகம். பாபிரஸ் எகிப்திலிருந்து வர வேண்டியிருக்கிறது, என்ன செய்வது!

கணக்கு முழுவதும் பளிங்குப் பலகையில் வெட்டி அக்ரோபோலிசில் நிறுத்தப்பட்டுள்ளது. ஐயமுள்ளவர் ஏறி வந்து வாசிக்கலாம்.

ஒரு குறை உண்டு. கன்னியர் மண்டபத்து உத்தரத்தில் உள்ள வட்டங்கள் வெறும் வட்டங்களாகவே நிற்கின்றன. அவற்றில் பூ செதுக்கவில்லை. அதற்குத் தனியே பணம் ஒதுக்குவது பேரவையின் முடிவு.