அந்தக் கதிரைய வாங்கு பிள்ளை

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கோல்ல கதைக்கேக்க நீ ஒண்டு சொல்லிப்போட்டு உடன வேற கதைக்குப் போயிட்டாய், மேசையில இருந்து வேலை செய்ய எண்டு பாத்த அந்த 2000 டொலர் ஏரோன் கதிரைய ஓடர் போட்டுப்போட்டு அடுத்த நாளே கான்சல் பண்ணினனான் எண்டு. அந்தக் காசுக்கு வெள்ளவத்தை வீட்டு பாத்ரூமைத் திருத்தலாம் அப்பா எண்டு சொல்லிச் சிரிச்சாய். எனக்குச் சிரிப்பு வரேல்ல. அண்டிரவு நித்திரையும் இல்ல, என்னத்துக்குப் புரண்டு புரண்டு படுக்கிறியள் எண்டு அம்மா கேட்டவ. ஃபோன்ல சொன்னா நீ இடையில மறிச்சுக் கதைப்பாய், அதுதான் ஆறுதலா இருந்து எழுதுறன், முழுக்க வாசி.

பாத்ரூமில ஒழுகிற இடத்தில வாளி வச்சிருக்கிறம், அது ஒரு அவசரமும் இல்ல. நீ சொன்ன நோ தான் எனக்குப் பயமா இருக்கு. நாரியில தொடங்கி பின்தொடையால இறங்கி கெண்டைக்கால் மட்டும் இழுக்குது எண்டாயெல்லோ, அது எனக்கு நல்லாத் தெரிஞ்ச நோ.

நான் செட்டியார் தெருக் கடையில 26 வருசம் கணக்கெழுதினனான். பலகைக் கதிரை, ஒரு கால் கட்டை, ஆடாம இருக்க மட்டை மடிச்சு வச்சிருப்பன். முதலாளி நல்ல மனுசன், புதுசு எடுத்துத் தாறன் எண்டு ரெண்டு தரம் கேட்டவர், நான்தான் வேண்டாம் எண்டிட்டன், கதிரையில என்ன இருக்கு எண்டு நினைச்சன். 2008-ல நோ வந்தது. 100-ம் நம்பர் பஸ்ஸில சீற் கிடைச்சாலும் இருக்க ஏலாது, புறக்கோட்டையில இருந்து வெள்ளவத்தை மட்டும் கம்பியப் பிடிச்சுக்கொண்டு நிண்டு வருவன், பக்கத்தில சீற் வெறுமையா இருக்கும். பிறகு மூண்டு கிழமை படுக்கை. ஸ்கான், ஃபிசியோ, மருந்து, சம்பளமில்லாத லீவு எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதி வச்சனான், கூட்டிப் பாத்தா அந்தக் காசுக்கு கடையில இருந்த அத்தனை பேருக்கும் நல்ல கதிரை வாங்கியிருக்கலாம். நீ அப்ப சின்னப்பிள்ளை, உனக்கு இதுகள் தெரியாது.

அதுக்காக விலை கூடினதெல்லாம் நல்லது எண்டு நான் சொல்ல வரேல்ல. 2021-ல லொக்டவுன் நேரம் வீட்டில இருந்து கணக்குப் பாக்க எண்டு காலி வீதியில ஒரு கடையில 24,000 ரூபாவுக்கு ஒரு கதிரை வாங்கினன், ஞாபகம் இருக்கும், வீடியோ கோல்ல பாத்திட்டு முதலாளி மாதிரி இருக்கிறியள் எண்டாய். மொத்தக் குஷன், கறுப்பு ரெக்சின். கொழும்பு வேர்வைக்கு அது ஒரு வருசம் தாங்கேல்ல, தோல் உரிஞ்சு செதில் செதிலாச் சாரத்தில ஒட்டும், அம்மா ஒவ்வொரு நாளும் கூட்டுவா. பிறகு கதிரைய ஏத்தி இறக்கிற காஸ் லிஃப்ட் பழுதாப் போச்சுது, காலமை ஏத்தி விட்டா மத்தியானத்துக்குள்ள மெல்ல மெல்ல இறங்கி மேசை நெஞ்சுக்கு வந்திடும், தோளைத் தூக்கிக்கொண்டுதான் ரைப் பண்ண வேணும். பாக்க எடுப்பாயும் உள்ளுக்க ஒண்டும் இல்லாமலும் இருக்கிற கதிரைக்குத்தான் காசு வீண்.

நீ பாத்த ஏரோன் கதிரையப் பற்றி ரெண்டு நாளா வாசிச்சன். ஹேர்மன் மில்லர் எண்ட அமெரிக்கக் கொம்பனி 1994-ல விட்டது. பில் ஸ்டம்ப், டொன் சாட்விக் எண்டு ரெண்டு பேர் செய்தவை, அவை அதுக்கு முதல் வயசுபோன ஆக்கள் கனநேரம் இருக்கிறதுக்கு எண்டு ஒரு கதிரை செய்து பாத்தவையாம், அது கடைக்கு வரேல்ல, ஆனா சூடு பிடிக்காம காத்து போகவேணும், ஒரே இடத்தில உடம்பை அழுத்தக்கூடாது எண்ட யோசனை அதில இருந்துதான் வந்ததாம். வாசிக்கேக்க எனக்கு அப்பப்பான்ர சாய்மனைக் கதிரைதான் கண்ணுக்க வந்தது. பிரம்புப் பின்னல், குஷன் கிடையாது, மத்தியானம் முழுக்க அதில படுத்துப் பேப்பர் வாசிப்பார், எழும்பினா முதுகில வேர்வை இராது. பின்னல் ஆளுக்கு ஏத்த மாதிரித் தாழும். ஏரோன்ல குஷனுக்குப் பதிலா இருக்கிற மெஷ், அந்த வலைத்துணியும் அந்த மாதிரித்தான்.

இனிக் கவனமா வாசி. ஏரோன் ஏ, பி, சி எண்டு மூண்டு சைஸில வருது. நீ அம்மான்ர உயரம், அஞ்சடி. கடையள்ள கூட இருக்கிறது பி. அதை வாங்கினா இருக்கை உனக்கு நீளம், முதுகு பின்னுக்கு முட்டாது, முட்டினா முன்விளிம்பு முழங்காலுக்குப் பின்னால அழுத்தும், கால் விறைக்கும். அதில இருக்கையின்ர ஆழத்தைக் கூட்டிக் குறைக்க ஏலாது, அதால சைஸ் பிழைச்சா 2000 டொலரும் பிழைச்ச மாதிரித்தான். முதுகுச் சட்டத்தின்ர மேல்விளிம்பைப் பின்பக்கத்தால விரலால தடவிப் பார், சின்னப் புள்ளி மாதிரி மேடு தட்டுப்படும், ஒண்டு எண்டா ஏ, ரெண்டு எண்டா பி. ஏ கிடைக்காட்டி ஸ்டீல்கேஸ் லீப் எண்டு வேற கொம்பனிக் கதிரையொண்டு இருக்கு, அதில இருக்கைய முன்னுக்குப் பின்னுக்கு இழுக்கலாம். எதெண்டாலும் முதுகு முட்ட இருந்துபோட்டு முழங்காலுக்குப் பின்னால ரெண்டு மூண்டு விரல் போகுதோ எண்டு பார். நெற்றில படத்தைப் பாத்து ஓடர் போடாத, நேர போய் அரை மணித்தியாலமாவது இருந்து பார்.

கணக்கும் போட்டுப் பாத்தன். புதுசுக்கு 12 வருச வொரண்டி. வருசத்துக்கு 240 வேலைநாள் எண்டு வச்சா ஒரு நாளைக்கு 70 சதமும் வராது. டொரொண்டோவில ஒஃபிஸ் மூடேக்க கழிக்கிற கதிரையளத் துப்பரவாக்கி விக்கிற கடையள் இருக்கு எண்டு நீயே சொன்னாய், அங்க 700 டொலருக்கு வருமெண்டா, வொரண்டி இல்லாமல் 6 வருசம்தான் பாவிச்சாலும் நாளுக்கு 50 சதத்துக்குள்ள நிக்கும். எனக்கெண்டா பழசை எடுக்கிறதுதான் சரி எண்டு படுது. மெஷ் ஓரத்தில கிழிஞ்சிருக்கோ, ஏத்திவிட்டு இருந்தா இறங்குதோ, சாயிற பிடி இறுகுதோ, இந்த மூண்டையும் பாத்து எடு.

உன்ர மேசையும் பிழை. சாதாரண மேசை 29 அங்குலம், அது உன்னைவிட உயரமான ஆக்களுக்குச் செய்தது. கை மேசைக்குச் சமனா வரவேணும் எண்டு கதிரைய ஏத்துவாய், அப்ப கால் தொங்கும், திரும்ப அதே நோ. காலுக்குக் கீழ பேப்பர் ரீம் ரெண்டு வை, நாலு அங்குலம் வரும், பிறகு ஆறுதலா ஒரு பலகை பாக்கலாம். லப்டொப்பையும் குனிஞ்சு பாக்காத, உயத்தி வச்சு கீபோர்ட் தனிய எடு.

மற்றது, நிமிர்ந்திரு நிமிர்ந்திரு எண்டு நான் உன்னைச் சின்ன வயசில ஏசினது முழுக்கச் சரியில்லைப் போல. 2006-ல ஸ்கொட்லாந்தில எம்ஆர்ஐ வச்சுப் பாத்தவை, 90 பாகையில விறைப்பா இருக்கிறதைவிட 135 பாகை மட்டும் சாய்ஞ்சிருக்கேக்க முதுகெலும்புத் தட்டுகளுக்கு இடைஞ்சல் குறைவாம். மீற்றிங்கில சும்மா கேட்டுக்கொண்டு இருக்கேக்க நல்லாச் சாய்ஞ்சிரு. ஆனா எந்தக் கதிரையிலயும் நாலு மணித்தியாலம் அசையாம இருக்க ஏலாது, அரை மணிக்கொருக்கா எழும்பி ரெண்டு அடி நட. கால் விறைக்கிறது குறையாட்டி கதிரைய நம்பிக்கொண்டு இராம டொக்டரிட்டக் காட்டு, நான் பிந்திக் காட்டினனான்.

பாத்ரூமுக்கு எண்டு நீ போன மாசம் அனுப்பின காசு அப்பிடியே பாங்கில கிடக்கு, நாங்கள் தொடேல்ல. அதைத் திருப்பி அனுப்பட்டோ எண்டு அம்மாவிட்டக் கேட்டன், அனுப்புங்கோ, முதல் பிள்ளையின்ர நாரி எண்டிட்டா. வியாழக்கிழமை பாங்குக்குப் போறன், மறுக்காத.

கதிரை வந்தாப்பிறகு ஒரு ஃபோட்டோ அனுப்பு. முன்னால நிண்டு சிரிக்கிற ஃபோட்டோ வேண்டாம், மேசைக்கு முன்னால இருந்து வேலை செய்யேக்க பக்கத்தால எடுத்தது, கால் நிலத்தில முட்டுறது தெரிய.

அப்பா