கொள்முதல் துறைத் தலைவர்களே, உங்கள் இரண்டாவது சப்ளையர் யாரிடம் வாங்குகிறார்?

மின்னணுப் பொருள் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களின் கொள்முதல் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். எங்காவது நிலநடுக்கமோ வெள்ளமோ வந்தால் மறுநாளே "எங்களுக்கு மாற்று சப்ளையர் இருக்கிறார், பாதிப்பில்லை" என்று சொல்லிவிடுகிறீர்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால் சரக்கு இல்லை. சிப் வாங்கும் வரிசையில் உங்களுக்கெல்லாம் பின்னால் நிற்கிற சிறு தயாரிப்பாளன் நான். அந்த மாற்று சப்ளையர் யாரிடம் வாங்குகிறார் என்று எப்போதாவது கேட்டதுண்டா?

2011 தாய்லாந்து வெள்ளத்தில், ஹார்டு டிஸ்க் செய்யும் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பாங் பா-இன் ஆலை மூழ்கியது. அதன் போட்டியாளரான சீகேட்டின் ஆலைகளுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனாலும் அவர்களாலும் நினைத்த அளவுக்கு ஹார்டு டிஸ்க் செய்ய முடியவில்லை, ஏனென்றால் உள்ளே போகிற பாகங்களைச் செய்து கொடுத்தவர்களின் ஆலைகள் தண்ணீரில் நின்றன. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்ப்ரூஸ் பைன் என்ற சின்ன ஊரைப் புரட்டிப்போட்டது. சிப்புக்கான சிலிக்கானை உருக்கும் கலங்களுக்கு வேண்டிய மிகத் தூய குவார்ட்ஸ் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. தோண்டுவது சிபெல்கோ, குவார்ட்ஸ் கார்ப் என்று இரண்டு கம்பெனிகள், சரி, ஆனால் இரண்டும் ஒரே ஊர்! அந்த முறை சீக்கிரமே வேலை தொடங்கிவிட்டதால் தப்பித்தோம்.

அப்புறம் இந்த "ஆலை திறந்துவிட்டது" என்ற செய்தி. அதைப் பார்த்ததும் பிரச்சினை முடிந்த மாதிரி பேசுகிறீர்கள். 2011 மார்ச் ஜப்பான் நிலநடுக்கத்தில் நின்றுபோன, கார்களுக்குச் சிப் செய்யும் ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையை மீட்க, கார் கம்பெனிகள் உட்பட வெளியாட்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 2,500 பேர் வரை இறங்கி வேலை செய்தார்கள். ஜூன் 1-ல் உற்பத்தி தொடங்கியது. பழைய அளவுக்குச் சரக்கு வர செப்டம்பர் ஆகிவிட்டது. நிலம் ஆடினால் உலைக்குள் இருக்கும் குவார்ட்ஸ் குழாய்கள் உடையும், சிப்பின் வடிவத்தை ஒளியால் பதிக்கும் லித்தோகிராபி இயந்திரங்களை நானோமீட்டர் கணக்கில் மறுபடி சரிசெய்ய வேண்டும், பாதியில் நிற்கும் வேஃபர்களில் (சிப்புகள் உருவாகும் சிலிக்கான் தட்டுகளில்) நிறைய குப்பைக்குத்தான் போகும். புதிதாகப் போடுகிற வேஃபர் நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்டி வெளியே வர மூன்று மாதம் போல ஆகும். ஆள் எத்தனை பேர் வந்தாலும் இந்த மூன்று மாதத்தைக் குறைக்க முடியாது.

இந்த இடைவெளியில் நீங்கள் செய்வதுதான் எங்களைக் கொல்கிறது. பத்தாயிரம் தேவை என்றால் மூன்று விநியோகஸ்தர்களிடம் தலைக்குப் பத்தாயிரம் ஆர்டர் போட்டு, எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு மற்றதை ரத்து செய்கிறீர்கள். தொழிற்சாலைக்கோ முப்பதாயிரம் தேவை என்று தெரிகிறது. லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டுச் சரக்கு வரும் வரையிலான காலம், நீள்கிறது, அதைப் பார்த்து இன்னும் ஆர்டர் போடுகிறீர்கள்.

டொயோட்டா 2011-க்குப் பிறகு சப்ளையர்களிடம் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கான சிப் இருப்பு வைக்கச் சொன்னது, அடுக்கடுக்காக யார் எங்கே எதைச் செய்கிறார்கள் என்றும் எழுதி வைத்தது. 2021 தொடக்கத்தில் சிப் தட்டுப்பாட்டால் மற்றவர்கள் உற்பத்தி லைனை நிறுத்தியபோது அது கொஞ்ச காலமாவது தாக்குப்பிடித்தது. பணம் முடங்கும்தான், மறுக்கவில்லை. எல்லா பாகத்துக்கும் வேண்டாம், ஒரே இடத்தில் கிடைப்பதற்கு மட்டும் வையுங்கள்.

அடுத்த முறை விலைப்புள்ளி கேட்கும்போது, ஆலை எந்த ஊர், அதற்கு மூலப்பொருள் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று படிவத்தில் நிரப்ப இரண்டு கட்டம் சேர்த்து அனுப்புங்கள். நிரப்ப மறுக்கிறவரை மாற்று சப்ளையர் கணக்கில் சேர்க்காதீர்கள்.