ஒரு பேசின் தண்ணீரும் அரை மணி நேரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

டிசம்பர் பிறந்தால் தொழுநோய் மறுவாழ்வு இல்லங்களுக்குச் சபைகள் கேக்கும் போர்வையுமாகப் போவது நல்ல வழக்கம், அது தொடரட்டும். ஆனால் அங்குள்ள பலருக்கு வருடம் முழுக்கத் தேவைப்படுவது பாதப் பராமரிப்பு. பெரிய வியாழனன்று பீடத்தின் முன் 12 பேருக்குப் பாதம் கழுவுகிறோமே, அதே வேலைதான். கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவே.

தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை 6 அல்லது 12 மாதத்தில் முடிகிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசம். முடித்தவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. ஆனால் பட்டுப்போன நரம்பு மீள்வதில்லை. வேர்வை சுரக்காததால் உள்ளங்கால் காய்ந்து வெடிக்கும். செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாமல் நாள் முழுக்க நடப்பார்கள். புண்ணுக்குக் காரணம் இந்த வலியறியா நடைதான், கிருமி நேராகச் சதையை அரிப்பதல்ல என்பதை வேலூரிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் பணியாற்றிய அறுவை மருத்துவர் டாக்டர் பால் பிராண்ட் அன்றே எடுத்துச் சொன்னார்.

பச்சைத் தண்ணீரில் பாதங்களை 20 நிமிடம் ஊறவிடுங்கள். வெந்நீர் கூடவே கூடாது. சூடு அவர்களுக்கு உறைக்காது, கால் வெந்துபோகும். ஊறிய காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்தெடுங்கள். பிளேடைத் தொடவே வேண்டாம். விரலிடுக்கை மட்டும் துணியால் ஒற்றிவிட்டு, மற்ற இடத்தில் ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பலர் தவறுவது இங்கேதான். நன்றாகத் துடைத்துக் காயவிட்டுத் தடவுவார்கள். பூட்டி வைக்க ஈரமே இல்லாதபோது எண்ணெய் என்ன செய்யும்?

தண்ணீரில் வைக்கும் முன் இரண்டு பாதங்களையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சுட்டால், மேலே தோல் நன்றாக இருந்தாலும் உள்ளே கோளாறு என்று பொருள். வீக்கம், துர்நாற்றம், காய்ச்சல் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். புண் இல்லாத பாதத்துக்குக் கையுறை தேவையில்லை.

ஹவாய் செருப்பு வாங்கிக் கொடுக்காதீர்கள். பெருவிரலால் பிடிக்க முடியாதவர் காலில் அது நிற்காது, வார் விரலிடுக்கை அறுக்கும். மெத்தென்ற உள்ளடியும் பின்பட்டையும் கொண்ட, ஆணி அடிக்காத எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்புதான் சரி. அளவுக்குக் காகிதத்தில் பாதத்தை வரையும்போது அவரை நிற்க வையுங்கள். உட்கார்ந்த பாதம் சிறுத்திருக்கும். புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் போட்டுக் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புண் வந்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தத் துணியால் மூடி, அந்தக் காலை ஊன்றாமல் வைத்திருக்க வேண்டும். எந்தக் களிம்பானாலும், நடந்துகொண்டே இருந்தால் ஆறாது. "நடக்காதீங்க" என்று நாம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். குழாயடியில் தண்ணீர் பிடிப்பது யார்? ரேஷன் கடை வரிசையில் நிற்பது யார்? எங்களுக்குத் தெரிந்து, இந்த ஓய்வு கிடைக்காமல்தான் பல புண்கள் எலும்பு வரை போகின்றன. வாலிபர் ஐக்கியங்களும் பெண்கள் ஐக்கியங்களும் இறங்க வேண்டிய இடம் இதுதான். ஆறப் பல வாரங்கள் ஆகும். அதுவரை இன்ன வீட்டுக்கு இன்னார் என்று முறை போட்டு, குடத்தையும் ரேஷன் பையையும் நம் கையில் வாங்கிக்கொள்வோம்.

இப்படிக்கு,
தொழுநோய்ப் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
வேலூர் மாவட்டம்