சிவப்பும் காரமும் செட்டிநாடு ஆகாது: உணவகக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் 'செட்டிநாடு' என்று பலகை மாட்டி உணவகம் நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கும், கல்யாண வீடுகளில் அடுப்படியைக் கட்டி ஆளும் மேஸ்திரிகளுக்கும், ஆர்டர் எடுத்துப் பலகாரமும் மசாலாப் பொடியும் செய்து தரும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

நான் கண்டனூரில் வாழ்க்கைப்பட்டு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் தொழிலைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. முந்நூறு பேர் பந்திக்கு உப்பு, புளி பிசகாமல் சமைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று தெரியும். ஆனாலும் மனசில் கிடப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன விடுமுறைக்கு ஷார்ஜாவிலிருந்து மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பேத்தி ஆசைப்பட்டாளே என்று ஓர் உணவகத்துக்குப் போனோம். செட்டிநாட்டுக் கோழி என்று வந்த தட்டு குங்குமத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் இருந்தது. பிள்ளை இரண்டு வாய் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. கை கழுவக் கூட்டிப்போனேன். வெள்ளைத் தொட்டியில் அவள் விரலிலிருந்து வழிந்த தண்ணீர் ரோஸ் நிறமாக ஓடியது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் நின்ற சிவப்பு மறுநாள் காலைவரை போகவில்லை. "ஆயா, இதுதான் நம்ம ஊர்ச் சாப்பாடா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த ரோஸ் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். மிளகாயின் இயற்கையான சிவப்பு எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. குழம்பு கொதித்து இறங்கும்போது மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கிறதே, அது அந்த நிறம்தான். பச்சைத் தண்ணீரில் கையை நீட்டியதும் நிறம் கரைந்து ஓடுகிறது என்றால் அது மிளகாய் தந்த நிறமாக இருக்க வழியில்லை. மிளகாய்த்தூளைச் சோதிக்கவும் இதே வழிதான். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து மேலே ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். சாயம் கலந்திருந்தால் கோடு கோடாக இறங்கும். மளிகை வந்து இறங்கியதும் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

சாயத்தை இனிமேல் யாரும் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது. அதில் ரோடமைன்-பி இருந்ததுதான் காரணம். துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற சாயம் அது. அதே வருடம் கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனிலும் கபாபிலும் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்று உத்தரவே வந்தது. பஞ்சுமிட்டாயாவது குழந்தைகள் எப்போதோ திருவிழாவில் வாங்குவது. வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிடுகிற கோழிக்கும் மீனுக்கும் அதே கவனம் வேண்டாமா?

எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு சிவப்பாக இருந்து நான் பார்த்ததே இல்லை. மசாலா வறுக்கும்போது என் மாமியார் மல்லியை முதலில் போட்டு, அது பொன்னிறம் தாண்டும் நேரத்தில் மிளகையும் சோம்பையும் சேர்ப்பார். மிளகாய் கடைசியில்தான், அதுவும் அடுப்பை அணைத்துவிட்டு அந்தச் சூட்டிலேயே. இரண்டாங்கட்டு முழுக்க வாசம் நிற்கும். அம்மியில் அரைத்து வழித்தால் மரப்பட்டை நிறத்தில் இருக்கும். குழம்பும் அதே நிறம்தான். நிறம் கொஞ்சம் தூக்கலாக வேண்டும் என்றால் பக்கத்து ராமநாதபுரத்து முண்டு மிளகாய் இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். தடித்த தோல், உருண்டை உருவம். ஊறவைத்து அரைத்தால் குழம்புக்கு நல்ல உடம்பு கொடுக்கும். கைக்கு எட்டும் தூரத்தில் இதை வைத்துக்கொண்டு டப்பாவில் நிறப்பொடி வாங்க வேண்டிய தேவை என்ன?

மிளகாயே நமக்குப் புதுசு என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். அதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பலில் இங்கே வந்தது. மிளகு போலக் காரமாக இருந்ததால் மிளகுக் காய், அதாவது மிளகாய் என்று பேர் வைத்தார்கள். அதற்கு முன்னால் நம் சமையலுக்குக் காரம் கொடுத்தவை மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். திவசச் சமையலில் மிளகாய் சேர்க்காமல் மிளகு மட்டும் போடும் வழக்கம் பல வீடுகளில் இன்றைக்கும் இருக்கிறது. மிளகாய் வருவதற்கு முந்தைய சமையலின் மிச்சம் அது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அறுசுவையில் கார்ப்பையும் நாம் சேர்த்திருக்கிறோம். ஆனால் மிளகாயின் காரத்தை நாக்கு ருசியாக உணர்வதில்லை, சூடாக உணர்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் எது பட்டாலும் 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்ல நம் நரம்புகளில் ஓர் உணர்வி இருக்கிறது. மிளகாயிலுள்ள கேப்சைசின் அதே உணர்வியைத் தட்டி எழுப்புகிறது. வாய் நெருப்புப் பட்டதாக நம்பிவிடுகிறது. வேர்ப்பதும் மூக்கு ஒழுகுவதும் அதனால்தான். இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளுக்கு இந்த உணர்வி கேப்சைசினுக்கு மசிவதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொறித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

கேப்சைசின் தண்ணீரில் கரையாது. என் பேத்தி குடித்த மூன்று டம்ளர் தண்ணீரும் காரத்தை வாய் முழுக்கப் பரப்பியதே தவிர அணைக்கவில்லை. பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் என்ற புரதம்தான் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அன்றைக்கு மேசையில் மோர் கேட்டேன். இல்லை என்றார்கள். கலர் பாட்டில் நாலு வகை இருந்தது.

மிளகாய் மேல் வீண் பழி போடவும் எனக்கு விருப்பம் இல்லை. காரம் தின்றால் குடல்புண் வரும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். குடல்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அப்புறம் வலி மாத்திரைகள். பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இதை யாரும் நம்பாததால் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005-ல் ராபின் வாரனோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குக் காரம் தொந்தரவைக் கூட்டும் என்பது வேறு விஷயம். நான் கேட்பது அளவு மட்டும்தான். மல்லியும் சோம்பும் கல்பாசியும் ருசி தெரிய இடம் விட வேண்டும். கல்பாசியைப் பலரும் பூ என்று நினைக்கிறார்கள். அது பூவும் இல்லை, இலையும் இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் ஒன்றுக்குள் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிற உயிர். மெல்ல மெல்ல வளர்ந்து நம் சட்டிக்கு வந்து சேரும் அதன் வாசத்தை ஒரு கை மிளகாய்த்தூளைக் கொட்டி மூடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

தண்ணீரில் கரையும் நிறமெல்லாம் சாயம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். நம் விசேஷங்களில் இனிப்பாகச் செய்யும் கறுப்பரிசியான கவுனரிசியை ஊறவைத்த தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி ஆகும். அது அரிசித் தவிட்டிலுள்ள ஆந்தோசயனின் என்ற இயற்கை நிறப்பொருள், நாவல்பழத்தில் இருக்கும் அதே வகைப் பொருள். அதனால் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாமல் அதிலேயே வேகவையுங்கள்.

ஆனால் கவுனரிசி விஷயத்தில் உங்களிடம் ஒரு வருத்தம் உண்டு. அதே வாரம் ஒரு கல்யாணத்தில் காலைப் பந்தி. என் கொழுந்தனாருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இலையில் கவுனரிசி வந்ததும் கையால் மறித்தார். பரிமாறிய தம்பி, "அண்ணே, இது கறுப்பரிசி, சுகருக்கு நல்லது. வெள்ளைச் சீனியே போடலை, வெல்லம்தான்" என்று சொல்லி இரண்டு கரண்டி வைத்துவிட்டார். நல்ல மனசோடு சொன்னதுதான். மத்தியானம் தலை சுற்றுகிறது என்றார். விரலைக் குத்திப் பார்த்தால் முந்நூற்றுக்கு மேல்.

வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி இருப்பது வெள்ளைச் சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுச்சத்து கூட இருக்கும், வாசம் நன்றாக இருக்கும். இரத்தத்தில் ஏறும்போது அந்த வேறுபாடு உதவாது. அப்புறம், பர்மா வழியாக நம் வீடுகளுக்கு வந்ததாகச் சொல்கிற கவுனி குழைந்து ஒட்டுகிற ரகம். ஒட்டும் அரிசியில் அமைலோஸ் என்ற மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்து குறைவு, அதனால் சீக்கிரம் செரிக்கும். தவிட்டின் நார்ச்சத்து கொஞ்சம் பிடித்து நிறுத்தும், அதன் தலையில் வெல்லத்தையும் கொட்டினால் அதுதான் என்ன செய்யும்? சமையலில் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு தேக்கரண்டிக்குள் முடிந்துவிடும் கணக்கு. வெல்லமும் கருப்பட்டியும் தேனும் அதற்குள்தான் அடங்கும்.

2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். உங்கள் பந்தியில் ஒவ்வொரு வரிசையிலும் ஒருவராவது இருப்பார். கவுனரிசி தாராளமாகப் போடுங்கள், அது நம் விசேஷத்தின் அடையாளம். 'சுகருக்கு நல்லது' என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். யாராவது இலையை மறித்தால் மறித்ததாகவே இருக்கட்டும்.

மசாலாப் பொடி விற்கும் ஆச்சிமார்களுக்கு ஒரு அவசரச் செய்தி. மகள் ஊருக்குத் திரும்பும் முந்தின இரவு, முகப்பில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். கறிமசாலாப் பொட்டலத்தைக் கையில் எடுத்தவள், "அம்மா, இதில் கசகசா இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றதும் இரண்டு கிலோவையும் வெளியே எடுத்து வைத்துவிட்டாள். கசகசா என்பது அபினிச் செடியின் விதை. விதைக்குள் போதை இல்லை, ஆனால் காயின் பால் மேலே ஒட்டியிருக்கும். அதைச் சாப்பிட்டவரின் சிறுநீரில் மார்ஃபின் காட்டிவிடக்கூடும். ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் கசகசா கொண்டுபோவதே குற்றம். நம் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள்! நீங்கள் கட்டிக் கொடுக்கும் பொட்டலத்தில் 'கசகசா உண்டு' என்று ஒரு வரி எழுதி ஒட்டுங்கள். வெளிநாட்டுக்கு என்று கேட்பவர்களுக்குக் கசகசா இல்லாமல் அரைத்துக் கொடுங்கள். முந்திரியோ தேங்காயோ சேர்த்துக் குழம்பைக் கெட்டியாக்கிக்கொள்வார்கள்.

எண்ணெய் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில், எண்ணெய் கெடும்போது உண்டாகும் துருவக் கூட்டுப்பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. அளக்கக் கருவி இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும். நுரை அடங்காது, நிறம் கறுக்கும், தேன்குழல் போடும் முன்பே புகையும். அந்த எண்ணெயைச் சாலையோரக் கடைக்கு விற்காமல், பயோடீசல் செய்ய எடுத்துக்கொள்கிறவர்களிடம் கொடுங்கள்.

பேத்தி அடுத்த விடுமுறைக்கும் வருவாள். அதே உணவகத்துக்குத்தான் கூட்டிப்போகப் போகிறேன். கோழி மரப்பட்டை நிறத்தில் வரட்டும். தட்டோடு ஒரு டம்ளர் மோரும் வையுங்கள்.

அன்புடன்,
கண்டனூரிலிருந்து ஒரு ஆச்சி