32 வினாடியில் அறுபடும் அழைப்புகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இணையத் தொலைபேசியில் அழைப்பு பாதியில் அறுந்தால் பலரும் இணைய வேகத்தைத்தான் குறை சொல்கிறார்கள். அதற்கு முன், எத்தனையாவது வினாடியில் அறுகிறது என்று பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் 32 வினாடி என்றால், டைம்அவுட்டை, அதாவது காத்திருப்பு வரம்பை, நீட்டுவது தீர்வே அல்ல. இணைய அழைப்புகளைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும் எஸ்.ஐ.பி. நெறிமுறையில், அழைப்பை ஏற்றவர் பக்கமிருந்து போகும் '200 ஓ.கே.' செய்திக்கு 'ஏ.சி.கே.' என்ற ஒப்புகை திரும்பி வர வேண்டும். வராவிட்டால் 500 மில்லி வினாடியின் 64 மடங்கு, அதாவது 32 வினாடி வரை ஏற்ற பக்கம் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டு இணைப்பை முடித்துவிடும். பெரும்பாலும், ரவுட்டருக்குப் பின்னால் உள்ள தொலைபேசி சர்வர் தன் உள் ஐ.பி. முகவரியை வெளியே அறிவிப்பதுதான் கோளாறு; வெளியிலிருந்து அந்த முகவரிக்கு ஒப்புகை வந்து சேராது. சர்வர் அமைப்பில் வெளி முகவரியைப் பதியுங்கள், எஸ்.ஐ.பி. செய்திகளில் உள்ள முகவரிகளை மாற்றும் ரவுட்டரின் 'எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.' வசதியை அணைத்துச் சோதியுங்கள்.

15 நிமிடத்தை ஒட்டி அறுந்தால் அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கும் செஷன் டைமரைச் சந்தேகிக்கலாம். வழக்கமான 1800 வினாடி அமைப்பில் பாதி நேரத்தில் புதுப்பிப்புச் செய்தி போகும். ஃபயர்வால் (வலைப்பின்னல் பாதுகாப்புத் தடுப்பு) அதற்குள், செய்திகள் செல்லும் யு.டி.பி. வழியை மூடியிருந்தால் அது மறுமுனையை எட்டாது. டைமரையே அணைத்துவிடுவது தவறு. செத்துப்போன அழைப்புகள் சர்வரில் தேங்கும். ஃபயர்வால் 60 வினாடியில் மூடுமானால், வழி மூடாமலிருக்க அனுப்பும் 'கீப் அலைவ்' செய்தியின் இடைவெளியை 25 வினாடியாக வையுங்கள்.

மணி அடிக்கும் நேரமும் முக்கியம். 20 வினாடியில் வாய்ஸ்மெயிலுக்குப் போக வேண்டுமென்றால், தொலைபேசிக் கருவியின் சொந்த டைம்அவுட் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையேல் கருவியே முந்திக்கொண்டு அழைப்பை மறுத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்