அந்தக் குழாய்ப் படத்தை எடுத்துவிடுங்கள்

இதயநோய் பற்றித் துண்டறிக்கையும் சுவரொட்டியும் பாடமும் தயாரிக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

அப்பா மாரடைப்பு வந்து படுத்திருந்த நாட்களில், ஆஸ்பத்திரிக் கூடத்தில் உங்கள் சுவரொட்டிக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். சிவப்பாக ஒரு குழாய். உள்ளே மஞ்சள் பிசின் மாதிரி ஏதோ அப்பியிருக்கும், நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு வழி. பக்கத்தில் தொப்பை போட்ட ஒருவர், கையில் தட்டோடு. என் அப்பா ஒல்லி. பார்க்க வந்தவர்களெல்லாம் "அப்படி என்னதான் சாப்பிட்டார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. படம் அதைத்தானே சொல்கிறது!

ரத்தக்குழாயின் சுவருக்கு உயிர் இருக்கிறது. அதன் உட்புறம் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம். ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் எல்டிஎல் துகள்கள் அதைத் தாண்டிச் சுவருக்குள் புகுந்து சிக்கிக்கொள்கின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் விழுங்கி விழுங்கி ஊதிப்போய் அங்கேயே மடிகின்றன. நீங்கள் வரைவது போலக் கொழுப்பு மேலே அப்புவதில்லை, சுவருக்குள்ளேயே கட்டி போலப் புடைக்கிறது. ஆரம்பத்தில் சுவர் வெளிப்பக்கமாக விரிந்து கொடுப்பதால் ரத்தம் ஓடும் வழி சுருங்குவதில்லை, மூச்சும் வாங்காது. பிறகு ஒருநாள் புடைப்பின் மூடி கிழிந்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் அடைத்துவிடுகிறது. நேற்றுவரை பெரிய அடைப்பே இல்லாதிருந்த இடத்தில்கூட மாரடைப்பு வருவது இப்படித்தான்.

இது முதுமையில் தொடங்குவதும் இல்லை. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்த ஆய்வு 1953-ல் வெளிவந்தது. சராசரி வயது 22. அவர்களில் நூற்றுக்கு 77 பேரின் இதயத் தமனிகளில் நோயின் தடயம் கண்ணுக்கே தெரிந்தது.

அப்புறம் மரபணு. ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்தெடுக்கக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் உண்டு. அவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இந்த ஏற்பு வேலையில் பிறவியிலேயே கோளாறு இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்துவிட்டால், சிகிச்சை இல்லாதபோது பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரலாம். அந்தக் குழந்தை என்ன தின்று தீர்த்திருக்கும், சொல்லுங்கள்?

அப்பாவுக்கு அதிகமாக இருந்தது லிப்போபுரோட்டீன் ஏ. எல்டிஎல்லுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தில் ஒருவருக்கு இது கூடுதலாக இருக்கும், அளவைப் பெரும்பாலும் பரம்பரையே தீர்மானிக்கிறது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பொதுவாகப் போதும். அந்த ஒருமுறையும் மாரடைப்புக்குப் பிறகுதான் பார்த்தார்கள்.

உங்கள் தொப்பைக்காரருக்கு வருகிறேன். உடலில் கொழுப்புச் செல்களே சரியாக உருவாகாத ஓர் அபூர்வ நோய் இருக்கிறது. எலும்பும் தோலுமாக இருக்கும் அவர்களுக்குத்தான் கடுமையான நீரிழிவும் கல்லீரல் கொழுப்பும் வருகின்றன. தோலுக்கடியில் சேமிக்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது, அங்கே இன்சுலினின் பேச்சு எடுபடுவதில்லை. அந்தச் சேமிப்பறை ஒருவருக்குப் பெரிது, ஒருவருக்குச் சிறிது. சிறிதாக அமைந்தவருக்குத் தொப்பை லேசாக விழும்போதே சர்க்கரை ஏறிவிடுகிறது. வெளியே பார்த்து இதைக் கணிக்க முடியாது.

சாப்பாட்டையும் சிகரெட்டையும் பற்றிச் சுவரொட்டியில் பேசாதீர்கள் என்று சொல்லவில்லை. புகையும் உயர் ரத்த அழுத்தமும் அந்த ஒரு செல் படலத்தைத்தான் முதலில் காயப்படுத்துகின்றன. சரி, அதையும் போடுங்கள், ஆனால் சுவரின் குறுக்குவெட்டை வரைந்து அதில் காட்டுங்கள். தட்டு பிடித்தவர் நிற்கும் இடத்தில் "உங்கள் குடும்பத்தில் இளம் வயதில் யாருக்காவது மாரடைப்பு வந்ததா?" என்று ஒரு கேள்வியைப் போடுங்கள்.

என் தம்பிக்கு 34 வயது. அவனும் ஒல்லி. அந்தச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, "இது நமக்கில்லக்கா" என்றான். ரத்தப் பரிசோதனைக்கு அவனைக் கூட்டிப்போக எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்